சொன்ன நேரத்தில் வருதல்

உடற்புண்ணுக்கு மருந்திடக் கற்றவர்கள் நாங்கள். திருநெல்வேலி, மதுரை, தஞ்சை, வேலூர் எனத் தமிழகத்தின் வெவ்வேறு ஊர்களிலிருந்து, செவிலியர் பயிற்சிச் சான்றிதழைப் பெட்டியின் அடியில் வைத்துக்கொண்டு, 1980களில் மும்பைக்கு இரயிலேறி வந்த நால்வர். ஒரே பெரிய மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவில் நெடுங்காலம் பணியாற்றி, ஒருவர் பின் ஒருவராக ஓய்வு பெற்றோம். சங்கத்து மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு அன்பர்கள் கேட்டபோது, நகரை வெள்ளம் மூழ்கடித்த 2005ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாளைப் பற்றியோ, புறநகர் இரயில்களில் குண்டுகள் வெடித்த 2006ஆம் ஆண்டு ஜூலை 11ஆம் நாளைப் பற்றியோ எழுதலாம் என்றுதான் முதலில் எண்ணினோம். அவற்றை எழுதினால் எங்களுக்குப் பெருமை சேரும். ஆயினும் நால்வர் நெஞ்சிலும் முள்ளாய்த் தைத்து நிற்பது ஓர் இளம்பெண்ணின் முகமே. அதில் எங்களுக்குப் பெருமை ஏதும் இல்லை. அதனாலேயே அதை எழுதுகிறோம்.

எழுதுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. பிழைப்புக்காகப் பிற மாநிலங்களில் குடியேறிய நம் குடும்பங்களில் செவிலியராகவும், காவலராகவும், ஆசிரியராகவும், இரயில்வே ஊழியராகவும் பணிபுரிவோர் பலர். மனத்துயர் முற்றிய ஒருவர் முதலில் எதிர்ப்படுவது பெரும்பாலும் மனநல மருத்துவரை அன்று, இத்தகைய பணியாளரையே. அந்த முதற் சந்திப்பில் சொல்லப்படும் சொல், செய்யப்படும் செயல், இவை அவரைக் காக்கவும் கூடும், கெடுக்கவும் கூடும். இதை நாங்கள் நூலில் படித்து அறியவில்லை. தவறு செய்து அறிந்தோம்.

2009ஆம் ஆண்டு மழைக்காலத்து இரவு ஒன்று. மணி பதினொன்றைக் கடந்திருந்தது. இருபத்திரண்டு வயதுப் பெண்ணொருத்தியை அவள் தாய் அழைத்து வந்தார். இடது முன்கையில் சுற்றியிருந்த துப்பட்டாவில் குருதி ஊறியிருந்தது. நம் மொழி பேசும் குடும்பம். அந்த ஆண்டில் அவள் வருவது அது நான்காம் முறை.

எங்களைக் கண்டதும் தாய், “சிஸ்டரம்மா, மறுபடியும் செய்துவிட்டாள்” என்று தலை குனிந்தார். எங்களுள் ஒருவர் அந்தப் பெண்ணைப் பார்த்து, “விபத்தில் அடிபட்டவர்கள் வரிசையாய்க் கிடக்கிறார்கள். நீயோ வேண்டுமென்றே வெட்டிக்கொண்டு வந்து நிற்கிறாய்” என்றார். மற்றவர்கள் அதை மறுக்கவில்லை. தையலிட வந்த இளம் மருத்துவர் காயத்தைப் பார்த்தார்; பக்கத்தில் ஏணிப்படிகள்போல் இருந்த பழைய தழும்புகளையும் பார்த்தார். “மரத்துப்போகும் ஊசி வேண்டாம். வலித்தால்தான் புத்தி வரும்” என்றார்.

ஏழு தையல்கள். எங்களுள் இருவர் அவள் தோளையும் கையையும் அழுத்திப் பிடித்துக்கொண்டோம். லிக்னோகெய்ன் குப்பி கைக்கெட்டும் தொலைவில், தட்டிலேயே இருந்தது. அவள் கூச்சலிடவில்லை. கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். நான்காம் தையலின்போது, “நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்களா, அக்கா?” என்று தமிழில் கேட்டாள். நாங்கள் விடை கூறவில்லை.

குடித்துவிட்டு வண்டி ஓட்டிப் பிறர்மேல் மோதியவனுக்கும் மரத்துப்போகும் ஊசி போட்ட பின்னரே தையலிட்டிருக்கிறோம். கத்திக்குத்துச் சண்டையில் இறங்கியவனுக்கும் அப்படியே செய்திருக்கிறோம். அவர்களிடம் காட்டிய இரக்கம் இவளிடம் மட்டும் ஏன் வற்றிப்போயிற்று? பணிக்குறிப்பேட்டில் எழுதப்படாத பெயர் ஒன்றை அவளுக்கு நாங்கள் வைத்திருந்தோம்: நாடகக்காரி. ஒருவருக்கு அத்தகைய பெயரை வைத்துவிட்டால், அவருடைய குருதியும் நம் கண்ணுக்குச் சாயமாகத் தோன்றிவிடுகிறது.

இது எங்கள் முதல் தவறு. இரண்டாம் தவறு இதற்கு நேர்மாறானது; பார்ப்பதற்கு அழகானது; ஆனால் அதைவிடப் பெருங்கேட்டை விளைத்தது.

எங்களுள் இளையவருக்கு அந்த இரவின் காட்சி பொறுக்கவில்லை. மறுநாள் அவர் தம் கைப்பேசி எண்ணை அப்பெண்ணிடம் கொடுத்தார். “எந்நேரமானாலும் அழை. நான் இருக்கிறேன்” என்றார். தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று சோறிட்டார். அவளும், “நீங்கள் ஒருவர்தான் மனிதர், மற்ற மூவரும் அரக்கிகள்” என்றாள். இளையவர் அதை நம்பினார். நால்வர் இரண்டு கட்சிகளானோம். ஒரே பணிநேரத்தில் ஒருவர் அவளுக்காக வாதாடவும், மற்றவர் அவளை விரட்டவும் தலைப்பட்டோம். அவளோ இருதரப்புக்கும் நடுவே இன்னும் அலைக்கழிந்தாள்.

தொடக்கத்தில் நாளுக்கு ஓர் அழைப்பு வந்தது. இரண்டு திங்களில் அது இருபதாயிற்று. நள்ளிரவில் மணி ஒலிக்கும். எடுக்காவிட்டால் அழுகை; எடுத்தால் சினம். இளையவரின் மகனுக்கு அது பொதுத்தேர்வு ஆண்டு. கணவர் முணுமுணுக்கத் தொடங்கினார். ஒரு நாள், யாரிடமும் கூறாமல், இளையவர் சிம் கார்டை மாற்றிவிட்டார். மூன்றாம் நாள் அந்தப் பெண்ணை நினைவற்ற நிலையில் கொண்டுவந்து சேர்த்தார்கள். வீட்டிலிருந்த மாத்திரைகள் அனைத்தையும் விழுங்கியிருந்தாள். நான்கு நாள்கள் தீவிரச் சிகிச்சைப் பிரிவில் கிடந்து பிழைத்தாள். அந்த நான்கு நாள்களும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

வெறுத்தவர்களும் நாங்களே, அளவின்றி அன்பு காட்டிப் பின் சொல்லாமல் கைவிட்டவர்களும் நாங்களே. அவளைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முடிந்தன.

அவளைப் பார்க்க மனநலப் பிரிவிலிருந்து மூத்த மருத்துவர் ஒருவர் வந்தார். எங்கள் முகங்களைப் பார்த்தே ஏதோ நடந்திருக்கிறது என்று உணர்ந்துகொண்டார். குற்றம் சாட்டவில்லை. பிற்பகல் தேநீர் நேரத்தில் மூன்று நாள்கள் எங்களுடன் அமர்ந்து விளக்கினார். அவர் கூறியவற்றையும், பின்னர் நாங்கள் கேட்டும் படித்தும் அறிந்தவற்றையும் இங்கே தொகுத்துக் கூறுகிறோம்.

ஆளுமை என்பது எல்லார்க்கும் உண்டு. உலகை நோக்கும் முறை, தன்னை மதிக்கும் முறை, பிறரோடு பழகும் முறை, உணர்ச்சியைத் தாங்கும் முறை ஆகியவற்றின் மொத்தமே அது. இம்முறைகள் வாழ்வின் பல துறைகளிலும், நீண்ட காலமாக, ஒருவருக்கும் அவரைச் சார்ந்தோர்க்கும் ஓயாத துன்பம் தருமளவுக்குப் பிறழ்ந்திருந்தால் அதனை ஆளுமைக் கோளாறு என்கின்றனர். யாரையும் நம்ப முடியாதவர், எவரோடும் ஒட்ட முடியாதவர், பிறரைச் சாராமல் ஒரு முடிவும் எடுக்க இயலாதவர் எனப் பலவகையினர் இதில் அடங்குவர். உலக நல நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினொன்றாம் பதிப்பு 2022ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தபோது, வகைகளுக்குப் பதிலாகக் கோளாற்றின் கடுமையை அளப்பதே முதன்மையாயிற்று. எனினும் அந்தப் பெண்ணுக்கு இருந்த வகையின் அடையாளம் அதிலும் தனியே காக்கப்பட்டுள்ளது. அதன் பெயர் எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. 1938ஆம் ஆண்டில் அடால்ஃப் ஸ்டெர்ன் என்னும் அமெரிக்க மருத்துவர், இலேசான மனநோய்க்கும் கடுமையான மனநோய்க்கும் நடுவிலுள்ள எல்லையில் சிலர் நிற்பதாகக் கருதி இச்சொல்லை ஆண்டார். அக்கருத்து வழக்கொழிந்துவிட்டது, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இக்கோளாறு உடையவர் கைவிடப்படுவோமோ என்று எந்நேரமும் அஞ்சுகிறார். இன்று தெய்வமாகத் தோன்றியவர் நாளை பகைவராகத் தோன்றுகிறார். நான் யார் என்னும் உறுதி அவருக்குள் நிலைப்பதில்லை. சினமும் துயரும் நொடியில் பொங்கி, அடங்க நெடுநேரம் பிடிக்கின்றன. பிறப்பிலேயே அமைந்த மென்மையான உணர்வமைப்பும், அவ்வுணர்வைப் புரிந்துகொள்ளாது தட்டிக்கழித்த சூழலும் சேரும்போது இது உருவாகிறது என்பது மார்ஷா லினெஹான் என்னும் அமெரிக்க உளவியலாளர் தந்த விளக்கம். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர்கள் இவர்களுள் பலர். ஆனால் எல்லாரும் அல்லர். ஆகவே பெற்றோர்மேல் பழிபோட்டு அமைவதும் நேர்மையன்று.

லினெஹான் இவர்களைத் தீப்புண்பட்டவர்களுக்கு ஒப்பிட்டார். இதைக் கேட்டதும் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். தீப்புண் வார்டில் பணியாற்றியவர்கள் நாங்கள். மேல்தோல் வெந்து உரிந்தவர்மேல் விசிறிக் காற்று பட்டாலும் அலறுவார். ‘காற்றுக்கா அழுகிறாய்’ என்று அங்கே யாரும் கேட்பதில்லை. விசிறியை நிறுத்துவோம். கையை மெல்ல வைப்போம். ஆயினும் புண்ணைக் கழுவாமல் விடுவதில்லை. வலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கழுவுவோம். மனத்தின் தோல் உரிந்தவரிடம் மட்டும் எங்களுக்கு இந்த அறிவு ஏன் வரவில்லை?

கையை வெட்டிக்கொள்வது சாகும் நோக்கத்தோடுதான் என்பதில்லை. தாங்கவொண்ணாத உள்வலி, வெளிவலியால் சற்றே தணிகிறது என்று அவர்கள் பலர் கூறுகிறார்கள். ஆனால் சாகும் நோக்கமில்லை என்று நாமாகவே முடிவு கட்டுவதும் தவறு. இவர்களுள் உயிரிழப்போரும் உண்டு. ‘கவனத்தை ஈர்க்கச் செய்கிறாள்’ என்று நாங்கள் சொன்னபோது மருத்துவர், “பசித்தவன் சோற்றுக்கு அழுவதை நாடகம் என்பீர்களா, சிஸ்டர்?” என்று கேட்டார்.

லினெஹானைப் பற்றி இன்னொன்றும் கூறவேண்டும். 1993ஆம் ஆண்டு வெளியான தம் நூலில், டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி என்னும் சிகிச்சை முறையை அவர் விரித்துரைத்தார். இருப்பதை இருந்தவாறே ஏற்றல், மாறுவதற்கு உழைத்தல் என முரண்போலத் தோன்றும் இரண்டையும் ஒருங்கே பிடிப்பதே அம்முறையின் உயிர். உணர்ச்சியை அடக்கியாளவும், நெருக்கடியைக் கடக்கவும், பிறரிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவும் வாராவாரம் பயிற்சி தருவது அது. பதினேழு வயதில், 1961ஆம் ஆண்டில், தாமே தம் உடலை வெட்டியும் சுட்டும் கொண்டவராய் ஒரு மனநல மருத்துவமனையில் தனியறையில் அடைக்கப்பட்டிருந்ததை, அரை நூற்றாண்டு கழித்து, 2011ஆம் ஆண்டில், அதே மருத்துவமனையில் கூடியிருந்தோர் முன்னிலையில் அவ்வம்மையார் வெளிப்படுத்தினார். அச்செய்தியைப் படித்த நாளில் எங்களுக்கு ஓர் எண்ணம் தோன்றியது: அவர் எங்கள் வார்டுக்கு வந்திருந்தால் அவருக்கும் நாங்கள் நாடகக்காரி என்றுதானே பெயர் வைத்திருப்போம்?

மூன்றாம் நாள் தேநீர் நேரத்தில் நாங்கள் மருத்துவரிடம், “நாங்கள் மனநலம் படித்தவர்கள் அல்லேம். இரவில் அறுபது பேரைப் பார்க்கிறோம். எங்களால் என்ன செய்ய முடியும்?” என்று கேட்டோம். அவர், “அவளைக் குணப்படுத்த வேண்டாம். சொன்னதைச் செய்யுங்கள், செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள். நால்வரும் ஒன்றையே சொல்லுங்கள். அது போதும்” என்றார். எளிய அறிவுரையாகத் தோன்றியது. கடைப்பிடிக்கத் தொடங்கிய பின்னரே அதன் அருமை விளங்கியது.

முதலில் எங்களுக்குள் கட்சியை ஒழித்தோம். ஒரு சிறு குறிப்பேடு வைத்தோம். அவள் வந்தால் யார் பேசுவது, எவ்வளவு நேரம் அமர்வது, எதற்கு ஆம் என்பது, எதற்கு இயலாது என்பது ஆகியவற்றை எழுதிக் கையெழுத்திட்டோம். ‘அந்த அக்கா அனுமதித்தாரே’ என்று அவள் கூறினால், “அவரிடமும் கேட்டுவிட்டு எல்லாரும் சேர்ந்து சொல்கிறோம்” என்பதே விடை. வீட்டுக்கு அழைப்பதில்லை, சொந்த எண்ணைத் தருவதில்லை. அதை அவளிடம் மறைக்காமல் கூறினோம். இளையவர் அவள் படுக்கையருகே அமர்ந்து, “எண்ணை மாற்றியது உன்னை வெறுத்து அன்று. என்னால் தாங்க முடியாததை முடியும் என்று சொல்லிவிட்டேன். அது என் தவறு” என்றார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஆனால் கேட்டாள்.

சில திங்கள் கழித்து அவள் மீண்டும் காயத்துடன் வந்தாள். இம்முறை மரத்துப்போகும் ஊசி போட்டே தையலிடப்பட்டது. பின்னர் அவளைக் கண்காணிப்புப் படுக்கையில் கிடத்தினோம். அவள் கத்தத் தொடங்கினாள். எங்களில் ஒருவர் பக்கத்திலேயே இருக்கவேண்டும் என்றாள். அவ்வேளை நெடுஞ்சாலை விபத்தில் சிக்கிய இருவர் வந்து சேர்ந்தனர். எங்களுள் மூத்தவர் அவளருகே சென்று, “நீ தனியாக இருக்க அஞ்சுகிறாய். அது எனக்குத் தெரிகிறது. இப்போது என்னால் வர இயலாது. இரண்டு மணிக்கு வந்து பத்து நிமிடம் உன்னுடன் அமர்வேன்” என்றார். அவள் தலையணையை வீசினாள். மூத்தவர் அதை எடுத்துப் படுக்கையில் வைத்துவிட்டுச் சென்றார்.

இரண்டு மணிக்கு அவர் போனார். அவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பத்து நிமிடமும் ஒரு சொல்லும் பேசவில்லை. எழுந்தபோது மூத்தவர், “மறுபடியும் நான்கு மணிக்கு வருவேன்” என்றார். நான்கு மணிக்குச் சென்றபோது அவள் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். “வரமாட்டீர்கள் என்று நினைத்தேன்” என்றாள். அன்றுதான் அவள் முதன்முதலாகத் தன் வாழ்வைப் பற்றி எங்களிடம் பேசினாள். அவள் கூறியவை அவளுக்குரியவை. இங்கே எழுத மாட்டோம்.

அன்றிலிருந்து கற்றவை பல. அறிவுரை கூறுவதற்கு முன் அவள் படும் உணர்ச்சிக்குப் பெயர் கொடுப்போம். ‘இதற்கெல்லாமா அழுவது’ என்பதைவிட, ‘மிகவும் வலித்திருக்கும்’ என்பது நெருப்பைத் தணித்தது. உணர்ச்சியை ஒப்புக்கொள்வது செயலை ஒப்புக்கொள்வதாகாது; தலையணையை வீசக்கூடாது என்பதை அமைதி திரும்பிய பின் தெளிவாகவே சொன்னோம். ‘சாகவேண்டும் என்று தோன்றுகிறதா?’ என்று நேராகக் கேட்கவும் பழகினோம். அப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்தவராவோம் என்று முன்பு அஞ்சினோம். அந்த அச்சத்துக்கு ஆதாரமில்லை. கேட்டபோது அவள் முகம் தெளிந்ததையே கண்டோம்.

நெருக்கடி வரும்போது செய்யவேண்டியவற்றை அவளையே ஒரு தாளில் எழுதச் செய்தோம். வெடிக்கப்போகிறேன் என்பதற்கான அறிகுறிகள், தானே செய்துகொள்ளக்கூடியவை, போய் அமரக்கூடிய இடம், பேசக்கூடிய ஆள், மருத்துவமனை எண் என வரிசையாக எழுதினாள். மாத்திரைகளையும் பிளேடையும் அவள் கைக்கு எட்டாமல் வைக்கும் பொறுப்பைத் தாய் ஏற்றார். இக்கோளாற்றைத் தீர்ப்பதற்கென்றே ஒரு மருந்து இல்லை என்பதையும், உடன்வரும் மனச்சோர்வு முதலியவற்றுக்கு மருந்து உண்டு என்பதையும், பேச்சும் பயிற்சியுமே முதன்மையான சிகிச்சை என்பதையும் தாய்க்கு விளக்கினோம்.

விடுப்பில் செல்வதானாலும் பணிநேரம் மாறுவதானாலும் அவளிடம் முன்னரே சொல்வதை வழக்கமாக்கினோம். பிறர்க்கு அது சிறு செய்தி. கைவிடப்படுவோம் என்று அஞ்சி வாழ்பவருக்கு முன்னறிவிப்பின்றி மறையும் முகம் பேரிழப்பு. எங்களையும் நாங்கள் பார்த்துக்கொண்டோம். அவளால் சினமோ சலிப்போ எழுந்த நாளில் அதை மறைக்காமல் எங்களுக்குள் பேசித் தீர்த்தோம். பேசித் தீர்க்கப்படாத சலிப்பே அன்றைய இரவில் எங்கள் கைகளில் இருந்தது.

காவல் துறையில் பணிபுரியும் நம்மவர்க்கும் ஒரு சொல். அக்காலத்தில் தற்கொலை முயற்சி 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 309ஆம் பிரிவின்படி குற்றமாக இருந்தது. அவசரப் பிரிவுக்கு வந்தவரிடம் காவலர் வந்து நின்று விசாரிக்கும்போது, உயிர் பிழைத்தவர் குற்றவாளியாய்க் கூனிக்குறுகுவார். 2018ஆம் ஆண்டு மே 29 முதல் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் இந்நிலையை மாற்றியது. அதன் 115ஆம் பிரிவு, அவ்வாறு முயன்றவர் கடும் மன அழுத்தத்துக்கு ஆட்பட்டிருந்தார் என்றே கொள்ளச் சொல்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்கிறது. அதன் 100ஆம் பிரிவின்படி, மனநோயால் தம்மைக் காத்துக்கொள்ள இயலாத ஒருவரைக் காவலர் தம் பாதுகாப்பில் எடுத்தால், 24 மணி நேரத்துக்குள் பொது மருத்துவ நிலையத்தில் சேர்க்கவேண்டும். எக்காரணம் கொண்டும் லாக்கப்பில் வைத்தலாகாது. 2024ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே நீங்கிவிட்டது. சட்டம் தன் குரலைத் தணித்துக்கொண்டது. நம் குரலும் தணிய வேண்டாமா?

ஆசிரியர்க்கும் இதுவே பொருந்தும். நேற்று ‘நீங்களே என் தாய்’ என்று காலைப் பற்றிய மாணவி, இன்று வகுப்பின் நடுவே வசைபாடினால், நேற்றைய புகழ்ச்சியில் மயங்காதிருந்தவருக்கு இன்றைய வசையில் நிலைகுலைய வேண்டியிராது. ‘மதிய இடைவேளையில் வந்து பேசு’ என்று சொல்லி, மதிய இடைவேளையில் காத்திருப்பதே அவர் செய்யக்கூடிய பேருதவி. பருவ வயதின் கொந்தளிப்பு எல்லாவற்றுக்கும் நோய்ப்பெயர் சூட்டுவது அவர் வேலையன்று. துன்பம் நீடித்தால் உரியவரிடம் சேர்ப்பதே அவர் வேலை.

புலம்பெயர்ந்த நம் குடும்பங்களுக்கு இங்கே தனியானதொரு துன்பம் உண்டு. மகளுக்கு இப்படியென்று ஊருக்குத் தெரிந்தால் திருமணம் தடைப்படும் என்று மூடி வைக்கிறோம். பக்கத்து வீட்டாருக்கு நம் மொழி தெரியாது. நம் மொழி தெரிந்தவருக்குச் சொல்ல அஞ்சுகிறோம். அந்தப் பெண் பிறந்தது முதல் மும்பையில் வளர்ந்தவள். இந்தியும் மராத்தியும் தடையின்றிப் பேசுவாள். ஆயினும் வலி மிகுந்த நேரத்தில் அவள் நாவில் வந்தது தமிழே. ‘நெஞ்சு கருகுது’ என்பதை வேறு மொழியில் எப்படிச் சொல்வது என்று ஒருமுறை கேட்டாள். எங்களுக்கும் தெரியவில்லை. 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10 அன்று இந்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இவ்வெண்ணை வீட்டு நாட்காட்டியில் எழுதி வைப்பதில் இழுக்கொன்றும் இல்லை.

‘இவர்கள் திருந்த மாட்டார்கள்’ என்பது எங்கள் வார்டில் நெடுங்காலம் உலவிய வாக்கு. அது பொய். அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் இக்கோளாற்றுக்காகச் சேர்க்கப்பட்ட 290 பேரை 1992ஆம் ஆண்டு முதல் மேரி ஜனரினியும் அவர் குழுவினரும் தொடர்ந்து கவனித்து வந்தனர். பத்தாண்டுக் காலத்தில் அவர்களுள் 93 விழுக்காட்டினர்க்கு நோய்க்குறிகள் இரண்டு ஆண்டுகளேனும் தொடர்ந்து தணிந்திருந்தன என்று 2010ஆம் ஆண்டில் அறிவித்தனர். ஆனால் நோய்க்குறி தணிந்ததோடு, வேலையும் நல்லுறவும் வாய்த்து முழுமையாக மீண்டவர்கள் ஏறத்தாழ அரைப்பங்கினரே. கொந்தளிப்பு அடங்கிய பின்னும் வாழ்வைக் கட்டியெழுப்பத் துணை வேண்டும் என்பதையே இந்த இரண்டாம் எண் காட்டுகிறது.

அந்தப் பெண் மனநலப் பிரிவில் வாராந்தரப் பயிற்சிக்குச் சென்றுவந்தாள். இடையே சில திங்கள் நின்றாள், மீண்டும் சேர்ந்தாள். பின்னும் இருமுறை காயத்துடன் எங்களிடம் வந்தாள். பிறகு காயமின்றி, வெளிநோயாளர் சீட்டுடன் வந்து ஐந்து நிமிடம் நின்று பேசிவிட்டுப் போகத் தொடங்கினாள். ஒரு துணிக்கடையில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது.

2015ஆம் ஆண்டில் எங்களுள் மூத்தவர் ஓய்வு பெற்றார். ஆறு வாரங்களுக்கு முன்பே நாளைச் சொல்லி அவளுக்குத் தெரிவித்தோம். அதைக் கேட்டதும் அவள் எழுந்து போய்விட்டாள். மூன்று வாரம் வரவில்லை. கடைசி நாளன்று மாலை, நாங்கள் குறித்திருந்த நேரத்துக்குச் சரியாக வந்து நின்றாள். நால்வரும் இருந்தோம். சற்று நேரம் வேறு எதையோ பேசினாள். பின்னர்த் தன் இடது முன்கையைப் பார்த்தபடி, “அன்று அந்த ஊசியைப் போட்டிருக்கலாம், அக்கா” என்றாள்.

ஆறு ஆண்டுகளுக்கு முன் அவள் கேட்ட கேள்விக்கு நாங்கள் தராத விடை அப்போதுதான் எங்கள் வாயில் வந்தது. “போட்டிருக்க வேண்டும். அப்படித்தான் நாங்களும் அன்று நினைத்தோம். நினைத்தது தவறு. உன்னைப் பிடித்துக்கொண்டு நின்றதும் தவறு” என்றோம். அவள் மன்னித்தேன் என்று கூறவில்லை. கூறவேண்டும் என்று நாங்கள் எதிர்பார்க்கவும் இல்லை. கைப்பையிலிருந்து ஒரு தாளும் பேனாவும் எடுத்தாள்.

“நாளை முதல் இங்கே யார் இருப்பார்?” என்று கேட்டாள். புதிய செவிலியின் பெயரையும், அவர் பணிக்கு வரும் நேரத்தையும் சொன்னோம். அவள் எழுதிக்கொண்டாள்.